குடம் நிறையும் கணக்கு: திட்ட வெற்றியைப் பயனாளியிடத்தில் அளத்தல்

திட்டம் என்ற சொல் தமிழில் இரு பொருளில் வழங்குகிறது. அரசு அறிவிக்கும் நலத்திட்டம் போல ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து நடப்பதையும் அது குறிக்கும். இன்ன தேதியில் தொடங்கி, இன்ன தேதிக்குள், இவ்வளவு பணத்தில், இன்னதைச் செய்து ஒப்படைப்பது என்று வரையறுக்கப்பட்ட ஒரு பணியையும் குறிக்கும். திட்ட மேலாண்மை என்ற துறை எடுத்துக்கொண்டிருப்பது இந்த இரண்டாவது பொருளை. பாலம் கட்டுவது, வங்கிக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது, ஒரு சிற்றூருக்குக் குடிநீர் கொண்டுவருவது ஆகியவை தொழில்நுட்பத்தால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றாலும், தொடக்கமும் முடிவும் உடைய பணிகள் என்ற வகையில் இத்துறைக்கு ஒரே இனத்தவை. அவற்றின் முடிவை எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் இத்துறையின் மிகப் பழைய குழப்பம் இருக்கிறது; அக்குழப்பத்தைப் பெரும்பாலும் குடிநீர்ப் பணிகளை முன்வைத்து ஆராய்வது இச்சொற்பொழிவின் நோக்கம்.

அலுவலகக் கோப்பைப் பொறுத்தவரை முடிவு தெளிவானது. களத்தில் எடுத்த அளவுகளைப் பொறியாளர் ‘எம் புக்’ என்று வழங்கும் அளவுப் புத்தகத்தில் பதிகிறார். அதை வைத்துப் பட்டியல் தயாராகிறது. பணி நிறைவுச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. நிதி கொடுத்த துறைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பப்படுகிறது. இந்தக் கடைசித் தாளின் பெயரைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். பயன்பாடு என்று அதில் சொல்லப்படுவது பணத்தின் பயன்பாடு. ஒதுக்கிய தொகை ஒதுக்கிய நோக்கத்துக்கே செலவிடப்பட்டது என்பதற்கு அது சான்று. கட்டி முடித்ததை யாராவது பயன்படுத்துகிறார்களா என்ற கேள்விக்கு அத்தாளில் இடம் கிடையாது. தாளை நிரப்பும் அலுவலர்மீது இதில் குற்றம் காண இயலாது. அக்கேள்வியைக் கேட்கும் தாள் ஒன்று கோப்பில் சேர்க்கப்படவே இல்லை என்பதே வருந்தத்தக்கது.

துறையின் வரலாறும் இதே போக்கில்தான் வளர்ந்தது. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் உருவாக்கிய முக்கியப் பாதை முறையும், அந்நாட்டுக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைப் பணிக்காக எழுந்த பெர்ட் முறையும், நூற்றுக்கணக்கான வேலைகளில் எது தாமதமானால் மொத்தப் பணியும் தாமதமாகும் என்று கண்டறியக் கற்றுக்கொடுத்தன. 1967இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ‘ஈட்டிய மதிப்பு’ என்ற கணக்கைத் தன் பெரிய ஒப்பந்தங்களில் வலியுறுத்தத் தொடங்கியது. செலவான பணத்தையும், அதற்குள் முடிந்திருக்கும் வேலைக்குத் திட்டமிட்டிருந்த மதிப்பையும் ஒப்பிட்டு, பணி பிந்துகிறதா, செலவு மிஞ்சுகிறதா என்று பாதி வழியிலேயே சொல்லிவிடும் கணக்கு அது. 1969இல் பிரிட்டனைச் சேர்ந்த பொறியாளர் மார்ட்டின் பார்ன்ஸ் காலம், செலவு, தரம் மூன்றையும் ஒரு முக்கோணத்தின் முனைகளாக வரைந்து, ஒன்றை இழுத்தால் மற்ற இரண்டும் நகரும் என்று விளக்கினார். பிற்காலத்தில் ‘இரும்பு முக்கோணம்’ என்று பெயர் பெற்று, உலகெங்கும் திட்ட வெற்றியின் இலக்கணமாகவே அது நிலைபெற்றது. பார்ன்ஸே பின்னாளில் தரம் என்ற சொல்லை எடுத்துவிட்டுச் செயல்பாடு என்ற சொல்லை அம்முனையில் வைத்தார் என்பது அந்த அளவுக்குப் பரவவில்லை. விவரக்குறிப்புப்படி செய்யப்பட்டதா என்று கேட்பதற்கும், செய்தது வேலை செய்கிறதா என்று கேட்பதற்கும் உள்ள தொலைவு அந்த ஒரு சொல் மாற்றத்தில் அடங்கியிருக்கிறது.

முக்கோணத்தைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. பொதுப்பணத்தில் நடக்கும் பணிக்குக் காலக்கெடுவும் செலவு வரம்பும் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை விளக்கத் தேவையில்லை. ஆனால் முக்கோணத்தின் மூன்று முனைகளும் பணியைச் செய்பவரின் கையில் இருப்பவை. பணியால் யார் வாழ்வில் மாற்றம் வர வேண்டுமோ அவர் அதில் எங்கும் இல்லை. 1988இல் ஆன்டன் டி விட் இந்த இடைவெளிக்கு ஒரு பெயரிட்டார். திட்ட மேலாண்மையின் வெற்றி வேறு, திட்டத்தின் வெற்றி வேறு என்றும், முன்னது முழுமையாகக் கிட்டிய இடத்தில் பின்னது அடியோடு இல்லாமல் போகலாம் என்றும் அவர் காட்டினார். பின்வந்த ஆரன் ஷென்ஹாரும் டோவ் ட்விரும் இன்னும் ஒரு படி சென்று, வெற்றியின் முகங்கள் காலத்தோடு மாறுவதை எடுத்துரைத்தனர். பணி நடக்கும்போது காலமும் செலவும் பெரிதாகத் தெரியும். ஒப்படைத்த சில மாதங்களில் வாடிக்கையாளருக்கு விளைந்த நன்மை முன்னுக்கு வரும். ஆண்டுகள் கழிந்தால், எத்தனை நாள் தாமதமாக ஒப்படைத்தார்கள் என்பதை எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

இங்கே சில சொற்களை வரையறுத்துக்கொள்வது நல்லது. பணி முடிந்ததும் கண்ணால் பார்த்து எண்ணக்கூடியதை, அதாவது தோண்டிய கிணற்றையும் பதித்த குழாயையும், ‘வெளியீடு’ எனலாம். அந்த வெளியீட்டைக் கொண்டு மக்கள் செய்வதில் ஏற்படும் மாற்றத்தை, அதாவது ஒரு கிலோமீட்டர் நடந்து ஊற்றுநீர் சுமந்தவர் வீட்டருகிலேயே நீர் எடுப்பதை, ‘விளைவு’ எனலாம். அம்மாற்றத்தால் வாழ்வில் சேர்வது, அதாவது மிச்சப்படும் நேரமும் வயிற்றுப்போக்கு குறைந்த குழந்தையும், ‘பயன்’. வெளியீட்டை ஒப்படைக்கும் நாளிலேயே எண்ணி முடித்துவிடலாம். விளைவை அறிய மறுபடியும் போய்ப் பார்க்க வேண்டும். பயனை அறியப் பலமுறை போக வேண்டும். பணம் கொடுப்பவரும் பயன்படுத்துபவரும் ஒருவராகவே இருக்கும் கடைத்தெருவில் இந்த மூன்றும் விரைவாகவே ஒன்றுசேர்ந்துவிடும். வாடிக்கை என்றால் வழக்கம். திரும்பத் திரும்ப வருபவரே வாடிக்கையாளர். பொருள் பிடிக்காவிட்டால் அவர் வரமாட்டார், கடைக்காரருக்குச் செய்தி எட்டிவிடும். பொதுப்பணிகளில் பணம் கொடுப்பது ஒரு துறை, செய்வது ஒப்பந்ததாரர், பயன்படுத்துவது இவ்விருவரையும் பார்த்தே இராத ஒரு பெண். அவர் வராமற்போனாலும் செய்தி எவருக்கும் எட்டாது. எனவேதான் பொதுப்பணியில் விளைவைத் தேடிச் சென்று அளக்க வேண்டியிருக்கிறது.

இந்த உண்மையை இந்தியா கற்றுக்கொண்ட விதத்துக்கு அடிபம்பைப் போல நெருக்கமான எடுத்துக்காட்டு வேறில்லை. 1960களின் நடுவில் பீகாரையும் உத்தரப் பிரதேசத்தையும் வறட்சி தாக்கியபோது, யுனிசெப் அமைப்பு பாறையைத் துளைக்கும் காற்றழுத்தத் துளைப்பொறிகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. தக்காணத்தின் கெட்டியான பாறையில் ஆட்களை வைத்து மாதக்கணக்கில் வெட்டிய கிணற்றின் இடத்தில், ஓரிரு நாளில் ஆழ்துளைக் கிணறு இறங்கத் தொடங்கியது. கிணறுகளின் எண்ணிக்கை ஆண்டறிக்கைகளில் ஏறிக்கொண்டே போனது; வெளியீட்டின் கணக்குப்படி அது பெரும் வெற்றி. அக்கிணறுகளின்மேல் பொருத்தப்பட்டவையோ, ஐரோப்பிய, அமெரிக்கப் பண்ணை வீடுகளில் ஒரு குடும்பம் நாளுக்குச் சில வாளி நீர் எடுக்க வார்க்கப்பட்ட வார்ப்பிரும்புப் பம்புகளின் நகல்கள். அவற்றை இங்கே விடியற்காலையிலிருந்து இருட்டும் வரை ஓர் ஊரே அடித்தது. 1970களின் நடுவில் தமிழ்நாடு, மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த தகவல்களைத் திரட்டிப் பார்த்தபோது, பொருத்திய பம்புகளில் ஏறத்தாழ முக்கால்வாசி வேலை செய்யாமல் நின்றிருந்தன. கிணறு தோண்டும் வேலை திட்டப்படி நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் இது நேர்ந்தது. காலம், செலவு என்ற எந்த முனையிலிருந்து பார்த்தாலும் இந்தத் தோல்வி கண்ணில் பட்டிருக்காது.

தீர்வு களத்திலேயே முளைத்திருந்தது. மகாராஷ்டிரத்தின் ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் கிறித்தவத் தொண்டு அமைப்புகளின் பட்டறைகளில், எஃகுத் தகட்டை வெட்டிப் பற்றவைத்து, கைப்பிடியின் அச்சில் பால் பேரிங்கையும், பம்புக் கம்பியை நேர்க்கோட்டில் இழுக்கச் சங்கிலியையும் வைத்த பம்புகள் உருவாகி, வார்ப்பிரும்புப் பம்புகள் மடிந்த இடங்களில் தாக்குப்பிடித்து நின்றன. அந்த வடிவத்தைச் செம்மைப்படுத்தும் வேலையில் யுனிசெப்புடன் சென்னையிலிருந்த பொறியியல் ஆய்வு அமைப்பும், அரசுத்துறை நிறுவனமான ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸின் சென்னைத் தொழிற்சாலையும் சேர்ந்துகொண்டன. சோதனைக்குத் தேர்ந்த இடம் கோயம்புத்தூர்ப் பகுதி. நீர்மட்டம் ஆழத்தில் கிடக்கும், பம்புக்கு ஓய்வே இல்லாத ஊர்களில் தாங்கினால் மற்ற இடங்களில் தாங்கும் என்பது அத்தேர்வின் காரணம். பயனாளிகளில் மிகக் கடினமான நிலையில் உள்ளவரிடம் பொருளைக் கொண்டுபோய்ச் சோதிப்பது என்ற இம்முறையை இன்றைய மென்பொருள் நிறுவனங்கள்கூட முழுமையாகக் கைக்கொள்வதில்லை. 1970களின் பிற்பகுதியில் உற்பத்திக்கு வந்த இந்தியா மார்க் 2 பம்பு, 1979இல் இந்தியத் தர நிர்ணயத்தைப் பெற்று, பத்து லட்சங்களைத் தாண்டிப் பெருகி, ஆப்பிரிக்க நாடுகளுக்கும் சென்றது.

கதை இத்துடன் நின்றிருந்தால் நல்ல பொருள் கெட்ட பொருளை வென்றது என்ற அளவில் முடிந்திருக்கும். மார்க் 2 பம்பில் பழுது குறைந்தது உண்மை. பழுதானால் சரிசெய்வதுதான் பெரும்பாடாக இருந்தது. நீரை மேலே தள்ளும் உருளை நிலத்துக்கடியில் முப்பது மீட்டரிலோ அதற்கும் கீழேயோ இருக்கும், அதற்குள் ஏறி இறங்கும் உந்துதண்டில் தோல் வாஷர்கள் உண்டு, அவை தேயும். சில ரூபாய் பெறுமான அந்த வாஷரை மாற்ற, மூன்று மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, மரை கழற்றி, வெளியே அடுக்கி, வேலை முடிந்ததும் மறுபடியும் ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். அதற்கு வண்டியும் கருவிகளும் நாலைந்து ஆட்களும் தேவை. தமிழ்நாட்டில் தொடங்கிய மூன்றடுக்குப் பராமரிப்பு முறையில், ஊரில் ஒரு பம்புப் பொறுப்பாளர், ஊராட்சி ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் வண்டியோடு சுற்றும் ஒரு குழு என்று மூவர் இருந்தனர். மேலே உள்ள போல்ட் தளர்ந்தால் பொறுப்பாளரே முடுக்கிவிடலாம். வாஷர் தேய்ந்தால் மாவட்ட வண்டி வர வேண்டும். பழுதைத் தெரிவிக்கப் பொறுப்பாளரிடம் முகவரி ஏற்கெனவே அச்சிட்ட அஞ்சலட்டை கொடுக்கப்பட்டிருந்தது. அந்த அட்டை கிளம்பிய நாளுக்கும் மறுபடியும் நீர் வந்த நாளுக்கும் இடையிலான இடைவெளியே, துறை கண்டெடுத்த மிக மதிப்புள்ள அளவு.

அந்த அளவின் அருமையை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு பம்பு ஆண்டுக்கு ஒரே ஒரு முறை பழுதாகிறது, சரிசெய்ய 60 நாள் ஆகிறது. மற்றொன்று மூன்று முறை பழுதாகிறது, ஒவ்வொரு முறையும் இரண்டே நாளில் சரியாகிறது என்று கொள்வோம். பழுதின் எண்ணிக்கையை அளக்கும் பொறியாளர் முதல் பம்பையே சிறந்தது என்பார். தண்ணீர் எடுப்பவருக்கு முதல் பம்பு ஆண்டில் 60 நாள் வறண்டது. இரண்டாவது 6 நாள்தான் வறண்டது. பழுதின் எண்ணிக்கை பம்பின் உறுதியை அளக்கிறது, வறண்ட நாட்களின் எண்ணிக்கை ஊரின் தாகத்தை அளக்கிறது. அளவுகோல் மாறியதும் வடிவமைப்பே மாறிற்று என்பதுதான் இவ்வரலாற்றில் வியக்கத்தக்கது. 1980களில் உலக வங்கியும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் துணைநிற்க அதே கோயம்புத்தூர்ப் பகுதியில் நடந்த களச்சோதனையில், உடையாத பம்பு எது என்ற கேள்வியோடு, உடைந்தால் ஊராரே சரிசெய்துகொள்ளக்கூடிய பம்பு எது என்ற கேள்வியும் கேட்கப்பட்டது. அதன் விடையாக வந்த மார்க் 3 பம்பில் உருளையின் மேல்வாய் திறந்திருக்கும், நீர்க்குழாய் அகலமானது, குழாய்களை அசைக்காமல், கம்பியை மட்டும் உருவி எடுத்து வாஷரை மாற்றிவிடலாம். வண்டியையும் ஆட்களையும் எதிர்பார்த்திருந்த வேலையைச் சைக்கிளில் கருவிப்பையோடு வரும் மெக்கானிக் ஊராரின் உதவியுடன் செய்துவிட முடிந்தது. பம்பின் விலை சற்றுக் கூடியது; அகலக் குழாயின் எடையும் கூடியது. முக்கோணத்தின் கணக்கில் அது பின்னடைவாகவே தோன்றும்.

பயனாளியிடம் அவருக்கே உரிய அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது என்பதை இத்துறை போதிய அளவு உணரவில்லை. அடிபம்பில் நீர் எடுத்த பெண்களுக்குப் பம்பின் நலிவு எந்தப் பொறியாளருக்கும் முன்னால் தெரிந்துவிடும். நல்ல நிலையில் உள்ள மார்க் 2 பம்பு நிமிடத்துக்கு 40 அடி என்ற கணக்கில் ஏறத்தாழ 12 லிட்டர் தரும். 15 லிட்டர் பிடிக்கும் ஒரு குடத்துக்கு 50 அடி. வாஷர் தேயத் தேய அந்த ஐம்பது எழுபதாகும், நூறாகும். அடியிலுள்ள வால்வு கசியத் தொடங்கினால், காலையில் முதலில் வருபவர் நீர் ஏறும்வரை வெறும் அடியாக அடித்துக்கொண்டிருக்க வேண்டும். தோள்பட்டையில் உணரப்படும் இந்தக் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் ஏறியதில்லை. பம்பு ‘இயங்குகிறது’ அல்லது ‘இயங்கவில்லை’ என்ற இரண்டே கட்டங்கள் உடைய படிவத்தில், நூறு அடிக்கு ஒரு குடம் தரும் பம்பு இயங்கும் பம்பாகவே பதியப்படும். வரிசையில் குடத்தை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகும் பெண் எத்தனை நேரம் கழித்துத் திரும்பி வருகிறார் என்பதும், பம்பு எத்தனை பேருக்குப் போதவில்லை என்பதைத் துல்லியமாகச் சொல்லும் அளவு. திட்டத்தை வடிவமைப்பவர் புதிய அளவுகோல்களை உருவாக்குவதற்கு முன், இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது முதல் கடமை.

யாரிடம் கேட்பது என்பது அதனினும் முக்கியமானது. ஒன்றியத்தின் பட்டியலில் ‘ஒன்று’ என்று எழுதப்பட்ட பம்பு ஊர்த்தெருவில் நின்றால், சேரியிலிருந்து வருபவருக்கு அது பல இடங்களில் பூஜ்யமாகவே இருந்திருக்கிறது. ஊரின் சராசரி, ஊரில் எவருக்கு நீர் மறுக்கப்பட்டது என்பதைச் சொல்லாது. தமிழில் இதற்கு மிகப் பொருத்தமான சொல் ஒன்று உண்டு, அது கடைமடை. மேட்டூர் அணை 1934 முதல் காவிரிப் பாசனத்துக்கு நீர் தருகிறது. ஜூன் 12ஆம் நாள் அணை திறப்பது மரபு. எனினும் டெல்டாவில் அந்த ஆண்டின் நீர்ப்பகிர்வைப் பற்றிப் பேசுபவர் எவரும் அணை திறந்த தேதியோடு பேச்சை நிறுத்துவதில்லை. கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டதா என்றே கேட்பார்கள். தலைமடையில் கரைபுரண்டு ஓடும் நீரால் கடைமடையின் நாற்றங்காலுக்குப் பயனில்லை என்பதை உழவர் அறிவார். விநியோக அமைப்பு எதுவானாலும் அதை அதன் கடைசி முனையில் அளக்க வேண்டும் என்ற இக்கருத்து மேலாண்மை நூல்களில் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இம்மண்ணில் அன்றாட வழக்காக இருந்துவந்திருக்கிறது.

இதுவரை சொன்னதிலிருந்து, பயனாளியைக் கேட்டாலே போதும் என்ற முடிவுக்கு வருவது பெரும் பிழையாகும். வங்கதேசத்தின் குழாய்க்கிணறுகளே அதற்குச் சான்று. 1970களிலிருந்து குளத்து நீரால் பரவிய வாந்திபேதியையும் வயிற்றுப்போக்கையும் தடுக்க, அந்நாட்டில் லட்சக்கணக்கான குழாய்க்கிணறுகள் இறக்கப்பட்டன. மக்கள் அவற்றை விரும்பினர். வீட்டுக்கு வீடு சொந்தச் செலவில் போடத் தொடங்கினர். வெளியீடு, விளைவு, வாடிக்கையாளரின் மனநிறைவு என எந்த அளவில் பார்த்தாலும் உலகின் மிகச் சிறந்த குடிநீர்த் திட்டங்களுள் ஒன்று அது. 1993இல் அந்த நீரில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருப்பது உறுதியாயிற்று. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து, தோலில் புள்ளிகள் தோன்றப் பல ஆண்டுகள் ஆகும். புற்றுநோய் அதற்கும் பின்னால் வரும். 2000ஆம் ஆண்டை ஒட்டிய ஆண்டுகளில் ஏறத்தாழ 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற அந்நாட்டு வரம்பைத் தாண்டியவற்றின் வாயில் சிவப்பும் மற்றவற்றில் பச்சையும் பூசினார்கள். 14 லட்சத்துக்கு மேற்பட்ட கிணறுகள் சிவப்பாயின. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்போ 10 மைக்ரோகிராம்தான்.

வாடிக்கையாளரின் மனநிறைவும் வாடிக்கையாளருக்கு விளைந்த நன்மையும் வேறு வேறானவை என்பதை இதைவிட வேதனையோடு உணர்த்தும் நிகழ்வு இருக்க முடியாது. மனநிறைவைக் கேட்டு அறியலாம். நன்மையைச் சில வேளைகளில் ஆய்வுக்கூடத்தில்தான் அறிய முடியும். பயனாளி தம் உடலால் உணரக்கூடியவற்றில் அவர் சொல்லே முடிவானது. அவரால் உணர முடியாதவற்றில் அவருக்காகச் சோதித்துச் சொல்லும் பொறுப்பு திட்டத்தை நடத்துபவருடையது. வங்கதேசத்திலும் தொடக்கத்தில் நீர்ச்சோதனைகள் நடக்காமல் இல்லை. அவை அறிந்திருந்த நோய்க்கிருமிகளைத் தேடின, ஆர்செனிக்கைத் தேடவில்லை. ஆகவே விளைவை அளக்கும் ஏற்பாடு, எதிர்பார்த்த நன்மை வந்ததா என்று மட்டும் கேட்டு அமையக்கூடாது. எதிர்பாராத தீமை எதுவும் வந்துசேர்ந்ததா என்று தேடும் கண்ணும் அதற்கு வேண்டும்.

பயனர் பக்கமிருந்து அளக்கும் தேவை குடிநீருக்கு மட்டும் உரியதன்று என்பதைக் காட்ட, மென்பொருள் துறையிலிருந்து ஒரு சிறு எடுத்துக்காட்டு போதும். 2013 அக்டோபர் 1 அன்று, மருத்துவக் காப்பீடு வாங்குவதற்கான அமெரிக்க அரசின் ஹெல்த்கேர்.கவ் தளம் குறித்த நாளிலேயே திறக்கப்பட்டது. காலக்கெடு காப்பாற்றப்பட்டது. லட்சக்கணக்கானோர் தளத்துக்கு வந்தனர்; முதல் நாளில் காப்பீட்டில் சேர்ந்து முடித்தவர் ஆறே பேர். அதன்பின் வந்த மீட்புக் குழு செய்த முதல் வேலைகளுள் ஒன்று, பக்கம் திறக்க எத்தனை நொடி ஆகிறது, எத்தனை முயற்சிகள் பிழையில் முடிகின்றன என்று பயனர் பக்கமிருந்து அளக்கும் கருவிகளைப் பொருத்தியது. அதுவரை தளத்தின் நலத்தைச் செய்தித்தாள்கள் அறிந்திருந்த அளவுக்குக்கூட அதைக் கட்டியவர்கள் அறிந்திருக்கவில்லை. இரண்டே மாதத்தில் தளம் பெருமளவு சீரடைந்தது. அடுத்த வசந்தத்தில் முதல் பதிவுக்காலம் முடிந்தபோது, மாநிலங்களின் தளங்களையும் சேர்த்து, காப்பீட்டைத் தேர்ந்தவர் தொகை 80 லட்சத்தை எட்டியது.

திட்ட வெற்றியைப் பயனாளியிடத்தில் அளக்க வேண்டும் என்ற கருத்துக்கு எதிராகக் கூறப்படும் வாதங்களுள் வலுவானது ஒன்றுண்டு. மழை பொய்த்தால், மின்சாரம் நின்றால், ஊராட்சி மின்கட்டணம் கட்டத் தவறினால், அதற்குக் குழாய் பதித்த திட்ட மேலாளர் எப்படிப் பொறுப்பாவார் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் அளப்பதும் குற்றஞ்சாட்டுவதும் ஒன்றாகா. டி விட் வகுத்த பிரிவு இங்கேதான் கைகொடுக்கிறது: மேலாளர் தம் பணியைச் செவ்வனே செய்தார் என்று பாராட்டவும், அதே வேளையில் திட்டம் தோற்றது என்று பதியவும் அது இடம் தருகிறது. இவ்விரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் அடைத்துவிட்டால், மேலாளரைக் காப்பதற்காகத் தோல்வி மறைக்கப்படும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடு வீடாகச் சென்று பார்த்தபோது, நாட்டின் கிராமப்புற வீடுகளில் 30.7 விழுக்காட்டில்தான் கழிப்பறை இருந்தது. அதுவரை கட்டியதாக அறிக்கைகளில் ஏறியிருந்த கணக்கு இதைவிட மிகப் பெரியது. கட்டுபவரே எண்ணுபவராகவும் இருக்கும் ஏற்பாட்டில் வேறு முடிவை எதிர்பார்க்க முடியாது.

அண்மைக் காலத்தில் காற்று சற்றுத் திசைமாறியிருக்கிறது. திட்ட மேலாண்மைக்கான பன்னாட்டு அமைப்பான பிஎம்ஐ, 2021இல் வெளியிட்ட தன் வழிகாட்டியின் ஏழாம் பதிப்பில், செயல்முறைகளை அடுக்கிக் கூறும் பழைய அமைப்பைக் கைவிட்டு, மதிப்பை வழங்குவதை மையத்தில் வைத்தது. இந்தியாவில் 2019 ஆகஸ்டு 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம், வீட்டுக்குழாய் இணைப்பு என்று சொல்லி நிறுத்தாமல் ‘செயல்படும்’ என்ற அடைமொழியைப் பெயரிலேயே சேர்த்தது. ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 55 லிட்டர், இந்தியத் தர நிர்ணயத்துக்கு ஒத்த தரம், ஒழுங்கான விநியோகம் ஆகிய மூன்றும் அமைந்தால்தான் அது செயல்படும் இணைப்பு. தொடக்கத்தில் ஏறத்தாழ 19 கோடிக் கிராமப்புற வீடுகளில் 3.23 கோடி வீடுகளுக்கே குழாய் இருந்தது. சில ஆண்டுகளில் அது பல கோடிகளாகப் பெருகியது. அவ்வெண்ணிக்கையைவிடப் போற்றத்தக்கது, 2022இல் வெளியான செயல்பாட்டு மதிப்பீடு. ஆய்வு செய்த வீடுகளில் 62 விழுக்காட்டில்தான் மூன்று அளவையும் நிறைவுசெய்த இணைப்பு இருந்தது என்று அரசே வெளியிட்டது. எஞ்சிய 38 விழுக்காட்டைத் தோல்வி என்று ஏளனம் செய்வோர் இருக்கலாம். உண்மையில் அந்த எண் கிடைத்ததுதான் அத்திட்டம் பெற்ற மிகப் பெரிய கருவி, ஏனெனில் வேலை எங்கே மீதமிருக்கிறது என்று காட்டும் கணக்கு பழைய முறையில் பிறந்தே இராது.

எனினும் விழுக்காடு ஆண்டுக்கொருமுறை எடுக்கும் படம்தான். நாள்தோறும் நடப்பதை அறிய, ஒப்பந்தத்திலேயே அதற்கு இடம் ஒதுக்க வேண்டும். கட்டுமான ஒப்பந்தங்களில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒன்று உண்டு. அது முடியும்வரை ஒப்பந்ததாரருக்குத் தர வேண்டியதில் ஒரு பகுதி பிடித்தத் தொகையாக நிறுத்திவைக்கப்படும். இன்று அத்தொகையை விடுவிக்கும்போது பார்க்கப்படுவது தொட்டியில் விரிசலும் குழாயில் கசிவும். அதே தாளில் வீட்டுக் குழாயில் எடுத்த அளவையும் சேர்ப்பது புதிய சட்டமோ பெரிய செலவோ கேட்காத மாற்றம். மதிப்பீட்டில் ஒரு வரி, ஓர் ஆளின் சில நாள் கூலி, அவர் மறுபடியும் போய்வர ஒரு பயணப்படி. வடிவமைப்பில் காட்டப்பட்ட நீர் அந்த வீட்டுக்கு வராதபோது, ஒப்பந்ததாரர் பதித்த குழாயின் குறையா, நீராதாரத்தின் குறையா, மோட்டார் ஓடும் நேரத்தின் குறையா என்று அப்போதே பிரித்தறியலாம். மேலே சொன்ன வாதத்தில் மேலாளர் அஞ்சும் அநீதிக்கும் அதனால் இடமிராது.

அந்த அளவு எப்படி இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கக்கூடாது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 55 லிட்டர் வீதம் 275 லிட்டர்; அதாவது 15 லிட்டர்க் குடத்தில் பதினெட்டுக் குடம் நிறைந்து, பத்தொன்பதாவது குடத்தில் சிறிது நீர் விழ வேண்டும். பழைய அடிபம்பில் அது தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட அடி. ஐப்பசியில் ஏரி நிறைந்திருக்கும்போது எடுத்தால் எந்த ஊரும் தேறிவிடும். சித்திரையில் எடுக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டிக்கு அருகிலுள்ள வீட்டில் நண்பகலில் திறந்து பார்ப்பதைவிட, குழாய் முடியும் தெருவின் கடைசி வீட்டில், ஊரெல்லாம் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்திருக்கும் விடியற்காலையில், வீட்டுக்காரரே வைத்த குடத்தில் அளக்க வேண்டும்.